எட்டாவது மாடியில் சாமி இடம்

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் செங்கோடனின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. நல்ல மனிதர்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார், யாருடைய மாடு பள்ளத்தில் விழுந்தாலும் கயிற்றோடு ஓடுவார். ஆனால் சாமிப் பாறை விஷயத்தில் மட்டும் அவரிடம் பேச்சு வைத்துக்கொள்ள முடியாது. அவருடைய ஊருக்கு மேல்புறத்தில் ஒரு பரந்த மொட்டைப் பாறை இருக்கிறது. கோயில் கிடையாது, கூரை கிடையாது. நடுவில் மஞ்சள் பூசிய ஒரு கல், அவ்வளவுதான். அதைக் கூட்டிப் பெருக்கும் முறை செங்கோடன் குடும்பத்துக்கு உரியது.

அந்தப் பாறையில் எதையும் வைக்கக் கூடாது. மிளகு காயப்போட அதைவிட நல்ல களம் மலையிலேயே இல்லை, ஆனாலும் ஒரு மணி மிளகு அங்கே காய்ந்தது கிடையாது. ஆடு கட்டக் கூடாது. செருப்புக் கால் படக் கூடாது. பிள்ளை பெற்றவர்களும் மாதவிலக்கான பெண்களும் தீட்டுக் கழியும்வரை அதன் ஓரத்தைக்கூட மிதிக்கக் கூடாது. ஒருமுறை பேளுக்குறிச்சிச் சந்தைக்காக மிளகு பிடிக்க வந்த வியாபாரி ஒருவர் செருப்போடு பாறைமேல் ஏறி நின்று பீடி பற்றவைத்துவிட்டார். செங்கோடன் பேசிய பேச்சில் மனிதர் அந்த ஊர்ப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். நஷ்டம் ஊருக்குத்தான், ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு மகள், தேன்மொழி. அந்தப் பெண் ஒரு பக்கம் புகையும் இன்னொரு பக்கம் அப்பன் சொன்ன சொல்லுமாக மாட்டிக்கொண்டு, பிழைப்பாளா மாட்டாளா என்று நின்ற கதை இது. அதுவும் மலையில் இல்லை, சென்னையில், எட்டாவது மாடியில்! கேட்டவர்கள் எல்லாரும் முதலில் நம்பவில்லை.

மிளகுக் கொடியில் வாடல் நோய் வந்து, கொடி படர்ந்திருந்த சில்வர் ஓக் மரங்கள் மொட்டையாக நின்ற வருஷம், செங்கோடன் பிழைப்புத் தேடிக் கீழே இறங்கினார். காளப்பநாயக்கன்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றபோது சுரேந்தர் என்பவர் பழக்கமானார். நாமக்கல் பக்கத்து ஆள், சென்னையில் ஒரு பதினான்கு மாடிக் குடியிருப்புக்கு சூப்பர்வைசர். வாட்ச்மேன் வேலைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். "மலைக்காரனுங்க பொய் சொல்ல மாட்டாங்க, வாங்கய்யா" என்று அப்போதே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மாதம்மாள், செங்கோடனின் மனைவி, மரவள்ளிக் காட்டையும் மகளையும் பார்த்துக்கொண்டு மலையிலேயே இருந்துவிட்டாள்.

கட்டடத்தை மாடி மாடியாகச் சுற்றிக் காட்டிய அன்றைக்குத்தான் வினை ஆரம்பித்தது. எட்டாவது மாடியில் மாடிப்படியை ஒட்டி ஒரு கனத்த இரும்புக் கதவு. அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் வெறும் சிமெண்டுத் தரை. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் மார்பளவுக் கைப்பிடிச் சுவரோடு சரி, அதற்கு மேல் வானம்தான். ஒரு நாற்காலி இல்லை, ஒரு துணிக்கொடி இல்லை. காற்று மட்டும் ஜிலுஜிலுவென்று வந்தது. கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் இங்கிலீஷ் பலகை ஒன்று இருந்தது. அது செங்கோடனுக்கு எதற்கு?

"இங்க யாரும் எதையும் வெக்கக் கூடாது, பூட்டவும் கூடாது. எப்பவும் காலியா இருக்கணும். அதைப் பாத்துக்கறதும் உங்க வேலைதான்" என்றார் சுரேந்தர்.

செங்கோடனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓரடி நிலம் கிடைத்தால் கடை கட்டுகிற ஊரில், இவ்வளவு இடத்தை ஒன்றும் வைக்காமல் சும்மா விட்டிருக்கிறார்கள் என்றால் அது வேறு எதற்காக இருக்க முடியும்? அவருக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒரு காரணத்துக்குத்தான் மனிதன் நல்ல இடத்தை வெறுமனே விட்டுவைப்பான்.

"ஏனுங்க சார், இது எந்தச் சாமிக்குங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

சுரேந்தர் காதில் செல்போன். யாரோடோ தண்ணீர் லாரிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நொடி திரும்பிச் சிரித்தார். "எல்லாச் சாமிக்கும்தான்யா. காலியா இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்டவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு நின்று நிதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஆடிப் பதினெட்டுக்கு மலைக்கு வந்த செங்கோடன், திரும்பிப் போகும்போது ஓடையிலிருந்து ஓர் உருண்டைக் கல்லை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துப் போனார். குளித்து, மஞ்சள் பூசி, எட்டாவது மாடியில் நட்டநடுவே வைத்தார். தினம் காலையில் கூட்டி, தண்ணீர் தெளித்து, கும்பிட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. குடியிருப்புக்காரர்கள் அதுவரை பழைய கட்டிலையும் டிவி வந்த அட்டைப்பெட்டியையும் அங்கேதான் கொண்டுவந்து தள்ளுவார்கள், சுரேந்தர் தொண்டை கிழியக் கத்தி எடுக்கச் சொல்வார். இப்போது கல்லைப் பார்த்ததும் அத்தனை பேரும் கப்சிப். படித்தவர், படிக்காதவர், கார் இரண்டு வைத்திருப்பவர், எல்லாரும் கதவோரம் செருப்பை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். இங்கிலீஷ் பலகைக்கு அடங்காதவர்கள் ஓடைக்கல்லுக்கு அடங்கினார்கள்! சுரேந்தருக்கு ஏக சந்தோஷம். அவரே ஒரு செவ்வந்தி மாலை வாங்கிக் கொடுத்தார்.

ஒன்பதாவது மாடியில் பிரபாவதி அம்மாள் தனியாக இருந்தார். வயதானவர், முட்டி வலி, மகன் வெளிநாட்டில். சொந்த ஊர் கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் என்பதால் செங்கோடன் மீது ஒரு பிரியம். "உங்க பொண்ணை அனுப்புங்க, என் பொண்ணாட்டம் வெச்சுக்கறேன்" என்றார். தேன்மொழிக்கு அப்போது இருபது வயது இருக்கும். மாதம்மாள் நாலு நாள் யோசித்துவிட்டு அனுப்பிவைத்தாள்.

வந்திறங்கிய அன்றே செங்கோடன் மகளை எட்டாவது மாடிக்குக் கூட்டிப்போய்க் கதவுக்கு வெளியே நிறுத்தினார்.

"இது நம்ம பாறை மாதிரிதான் கண்ணு. சுத்தமில்லாம உள்ள காலு வெக்கப்படாது. அந்த நாளுல இந்தப் பக்கமே வரப்படாது. நம்மளால இத்தன குடும்பத்துக்கு ஒரு கெடுதலு வந்துரப்படாது பாரு" என்றார்.

"செரிங்கப்பா" என்றாள் அவள். எதிர்த்துப் பேசத் தெரியாத பெண். சொன்னதைச் செய்தாள். மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமான நாட்களில் மாடிப்படியில் இறங்கும்போதுகூட அந்தக் கதவைப் பார்க்காமல், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்குவாள். செங்கோடனுக்கு அதில் பெருமை வேறு.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், மாசி மாதம் என்று நினைவு. முற்பகல் நேரம். வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். வீட்டில் வயதானவர்களும் பெண்களும் சின்னப் பிள்ளைகளும்தான். செங்கோடன் எட்டாவது மாடியில் கூட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் மின்சார மீட்டர் பெட்டிகள் இருக்கும் அறையில் தீப்பிடித்தது அவருக்குத் தெரியாது. முதலில் ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. கதவைத் திறந்து பார்த்தால் மாடிப்படிக் கூண்டு முழுக்கக் கறுப்புப் புகை, கீழேயிருந்து குபுகுபுவென்று ஏறி வருகிறது. மேல்மாடிக்காரர்கள் கத்திக்கொண்டு இறங்கி வந்தார்கள். அதற்குக் கீழே போக வழியில்லை. யாரோ ஒருவர், "இங்க வாங்க, இங்க வாங்க, இதுக்குள்ள!" என்று கூவினார். மொத்தக் கூட்டமும் அந்த இரும்புக் கதவுக்குள் பாய்ந்தது.

செங்கோடன் அப்போது என்ன செய்தார் தெரியுமா? சொல்லவே நாக் கூசுகிறது.

"செருப்பு! செருப்பு! கழட்டிட்டு வாங்க!" என்று கத்தினார்.

அட பாவி மனுஷா! உயிருக்கு ஓடி வருகிறவர்களிடம்! அதைவிடக் கொடுமை, சில பேர் கழற்றவும் செய்தார்கள். பழக்கதோஷம். இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண், புகையில் இருமிக்கொண்டே ஒற்றைக் காலில் நின்று செருப்பு வாரை அவிழ்த்தாள். கதவோரம் செருப்பாகக் குவிந்து, பின்னால் வந்த ஒரு பெரியவர் அதில் தடுக்கி விழுந்தார். கதவை மூட முடியவில்லை, செருப்புகள் இடையில் மாட்டிக்கொண்டன. புகை உள்ளே வர ஆரம்பித்தது. யாரோ காலால் எல்லாவற்றையும் எற்றித் தள்ளினார்கள். அப்போதுதான் செங்கோடனுக்குத் தான் கத்திக்கொண்டிருந்தது என்ன என்று உறைத்தது.

அந்த நேரம்தான் தேன்மொழி பிரபாவதி அம்மாளைக் கைத்தாங்கலாக ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அம்மாளைக் கதவு வரைக்கும் கொண்டுவந்து, முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டாள். அம்மாள் உள்ளே வந்துவிட்டார். அவள் வரவில்லை. தாவணி முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு, மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடி வெளியே நின்றுவிட்டாள்.

"ஏ தேனு, என்னடி நிக்கற? உள்ள வாடி!" என்று பிரபாவதி அம்மாள் அலறினார்.

அவள் தலையை ஆட்டினாள். செங்கோடன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கதவுக்கு வந்தார். புகையில் மகளின் முகம் சரியாகத் தெரியவில்லை, கண் மட்டும்தான் தெரிந்தது.

"வா கண்ணு! வா வா!"

"நானு தூரமுங்கப்பா" என்றாள்.

செங்கோடனுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், "அட, அதெல்லாம் இப்பப் பாக்கப்படாது கண்ணு, வந்துரு!" என்று கையைப் பிடித்து இழுத்தார். அவள் கைப்பிடிக் கம்பியை விடவில்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கின கை, லேசில் விடுமா?

"உள்ள இத்தன பேரு இருக்காங்கப்பா. நானு வந்து சாமி குத்தமாயிருச்சுன்னா எல்லாத்தையும் தீ கொண்டு போயிரும். நீங்க கதவச் சாத்திக்குங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து மடங்கிவிட்டாள்.

பாருங்கள், அவள் பயந்தது தனக்காக இல்லை. உள்ளே இருந்த குழந்தைகளுக்காக. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எதிரே நிற்கிறார். பின்னாலிருந்து ஜனங்கள், "கதவை மூடுய்யா, புகை வருது, மூடுய்யா!" என்று கூச்சல் போடுகிறார்கள். "சாமி ஒண்ணும் பண்ணாது கண்ணு" என்று எத்தனை தடவை சொன்னாரோ, அவருக்கே தெரியாது. இருபது வருஷமாகச் சொன்னதை ஒரு நிமிஷத்தில் யார்தான் அழிக்க முடியும்?

திடீரென்று செங்கோடன் திரும்பி உள்ளே ஓடினார். நடுவில் இருந்த கல்லை, செவ்வந்தி மாலையோடு சேர்த்துத் தூக்கினார். தூரமான மகளைத் தொட்ட கை, காலில் யாருடையதோ செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. கும்பிடவில்லை, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்து, கல்லைப் புகை நிறைந்த படியில் வைத்தார்.

"சாமி வெளிய வந்திருச்சு பாரு கண்ணு. உள்ள ஒண்ணுமில்ல. வெறும் தரைதான். நீ வா!"

அவள் கல்லைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த கை விட்டது. அவள் தானாக விட்டாளா, மயங்கித்தான் விட்டுவிட்டாளா என்று செங்கோடனுக்கு இன்றுவரை தெரியாது. அப்படியே வாரி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கதவு மூடியது.

தீயணைப்பு வண்டி ஏணியை நீட்டி ஒவ்வொருவராக இறக்கியது. உள்ளே நின்ற ஒருவருக்கும் பெரிய ஆபத்து இல்லை. தேன்மொழி மட்டும் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள்.

செங்கோடன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது தீயணைப்பு அதிகாரி ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். கூடவே சுரேந்தர். "நீங்கதானாய்யா அந்த இடத்தை அவ்வளவு சுத்தமா வெச்சிருந்தது?" என்று அதிகாரி தோளில் தட்டினார். "நான் எந்த பில்டிங்குக்குப் போனாலும் அந்த இடத்துல கட்டிலும் சைக்கிளும்தான் கிடக்கும். நீங்க காலியா வெச்சிருந்ததாலதான் இத்தனை பேரு பொழச்சாங்க."

"அது... அது என்ன இடமுங்க சார்?"

அதிகாரி சுரேந்தரைத் திரும்பிப் பார்த்தார். சுரேந்தர் தரையைப் பார்த்தார்.

"என்னய்யா இப்படிக் கேக்கறீங்க? தீப்பிடிச்சா கீழ இறங்க முடியாதவங்க வந்து நிக்கறதுக்குன்னே விட்ட இடம்யா அது. ரெஃப்யூஜ் ஏரியான்னு போர்டே இருக்கே. ஏணி வர்ற வரைக்கும் மூச்சு விட்டுக்கிட்டு நிக்கறதுக்கு."

"யாரு வேணுமின்னாலும் நிக்கலாமுங்களா?"

"இது என்னய்யா கேள்வி? உசிரோட இருக்கறவங்க யாரு வேணாலும் நிக்கலாம்."

செங்கோடன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பாராட்ட வந்த மனிதர் என்ன ஏது என்று தெரியாமல் திகைத்துப்போய் நின்றார்.

தேன்மொழி கண் திறந்தாள். பிழைத்தாள். ஆனால் புகை தொண்டையைத் தின்றுவிட்டது. குரல் கரகரவென்று, பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் கேட்கும் என்கிற மாதிரி ஆகிவிட்டது. போகப்போகத்தான் சரியாகும் என்றார்கள் டாக்டர்கள். செங்கோடன் வேலையை உதறிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினார்.

மலைப்பாதை வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டு ஏறியது. வழியெல்லாம் சரிவுகளில் புல் எரிந்து கருகிக் கிடந்தது. மாசி பங்குனியில் கொல்லிமலையில் அது புதிதில்லை. செங்கோடன் அந்தக் கரியையே பார்த்துக்கொண்டு வந்தார். எரிந்த சரிவுகளுக்கு நடுவே மொட்டைப் பாறைகள் மட்டும் தீ தொடாமல் வெள்ளையாகக் கிடந்தன. பார்க்கப் பார்க்க அவருக்குள் ஏதோ ஒன்று புரிந்துகொண்டு வந்தது.

வீட்டில் மாதம்மாள் மகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். கஞ்சி குடிக்க வைத்துப் படுக்க வைத்தாள். பிறகு செங்கோடன் நடந்ததை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொன்னதையும் மறைக்கவில்லை. மாதம்மாள் அடுப்புப் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வழியில பாத்துட்டே வந்தேன் புள்ள. நம்ம சாமிப் பாறையும் இதுக்குத்தான் வெச்சிருப்பாங்களாட்ட இருக்குது. காட்டுத் தீ வந்தா ஊருசனம் ஏறி நிக்கறதுக்கு. அதனாலதான் ஒண்ணும் வெக்கப்படாதுன்னு சொல்லியிருக்காங்க. இத்தன வருஷம் கூட்டுன எனக்கு அது தெரியாமப் போச்சே!" என்றார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் மாதம்மாள்.

செங்கோடன் நிமிர்ந்தார்.

"இவ பொறந்த வருஷம் மேலக்காட்டுலயிருந்து தீ எறங்கி வந்துச்சே, மறந்துட்டீங்களா? ஊரே பாறை மேல ஏறி நின்னுச்சு. நானு பிள்ளை பெத்து, ஒதுக்குக் குடிசையில கெடந்தேன். இவளத் தூக்கிட்டு ஓடியாந்தேன். பாறை ஓரத்துல வந்து நின்னேன். நீங்க மேல நின்னுட்டிருந்தீங்க."

"நானா?"

"ஆமாங்க. என்னைப் பாத்தீங்க. பாத்துட்டு, கையக் காட்டி, அக்கட்டால தள்ளிப் போன்னீங்க."

மாதம்மாள் அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினாள்.

"எங்க போறதுங்க? மரவள்ளிக் காட்டுல தண்ணி விட்டிருந்த ஈர மண்ணுல இவள வெச்சு, மேல நானு குப்புறப் படுத்துக்கிட்டேன். தீ தாண்டிப் போச்சு. தீட்டுக் கழிஞ்சு ஊட்டுக்கு வந்தப்ப, முதுகுல என்ன புண்ணுன்னு கேட்டீங்க. சுடுதண்ணி பட்டுருச்சுன்னேன். செரின்னுட்டுக் காட்டுக்குப் போயிட்டீங்க."

உள்ளே தேன்மொழி இருமினாள். மாதம்மாள் எழுந்து சொம்பில் வெந்நீர் ஊற்றினாள்.

"எனக்கு ஞாபகமே இல்ல புள்ள" என்றார் செங்கோடன். "சத்தியமா ஞாபகம் இல்ல."

"உங்களுக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கும்?" என்றாள் மாதம்மாள், சொம்பை எடுத்துக்கொண்டு. "நீங்க பாறை மேலதான நின்னுட்டிருந்தீங்க."